தெனியூர் சாலை நிலையமும் முன்ஜியின் கையும்

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் ஒருவர் உங்கள் கையைப் பிடித்தால் சீக்கிரத்தில் விடமாட்டார். "லாபேஸ்?" என்று நலம் கேட்பார். நீங்களும் லாபேஸ் என்பீர்கள். வீட்டில் லாபேஸா, பிள்ளைகள் லாபேஸா, மாமனாரின் முழங்கால் லாபேஸா, ஒலிவத் தோப்பு லாபேஸா என்று ஒரு சுற்று வந்து, அல்லாஹ்வைப் புகழ்ந்து முடிக்கிறவரை உங்கள் கை அவர் கைக்குள்தான் கிடக்கும். நடுவில் உருவிக்கொண்டால் திமிர் பிடித்தவன் என்று பெயர் வந்துவிடும்.

அதனால்தான், கண்ணுகளா, முடிதிருத்துகிற முன்ஜிக்குக் கையில் நோய் என்பது ஊருக்கு வெகுகாலம் தெரியவே இல்லை. பிடித்த கையை அவன் விடாமல் நின்றதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். "முன்ஜி மாதிரி மனுஷன் உண்டாய்யா? கையைப் பிடிச்சா விட மனசே வராது அவனுக்கு" என்று மீன் சந்தை முழுக்கப் பேச்சு.

மனசெல்லாம் வந்துகொண்டுதான் இருந்தது. விரல்தான் வரவில்லை. ஒன்றை இறுகப் பிடித்துவிட்டால், விடு என்று அவன் சொல்வதை விரல்கள் காதில் வாங்கி, யோசித்து, முதலில் கட்டைவிரல் மட்டும் மெல்ல எழும். அப்புறம் மற்றவை ஒவ்வொன்றாக, வேண்டா வெறுப்பாக. குளிர் அடித்தால் இன்னும் மோசம். ஒரு நாள் சுங்க அதிகாரி ஒருவரின் காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்க மயிரை ஒதுக்கினான். வேலை முடிந்தது, காது கையோடேயே நின்றுவிட்டது.

அதிகாரி கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "என்ன முன்ஜி, ஏதாவது கேக்கணுமா? காதை விட்டுட்டுக் கேளேன்."

"கேக்க ஒண்ணுமில்லீங்க. வந்து... வீட்ல லாபேஸ்?"

அதோடு அந்த அதிகாரி வேறு கடைக்குப் போய்விட்டார். ஒருவர் பின்னால் ஒருவராக மற்றவர்களும் போனார்கள்.

தன் கை போனதற்கு முன்ஜி அழவில்லை. ஒரு மதியம் மகள் ரீமைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போனான். மணி அடித்து எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்துவிட்டன. ரீம் மட்டும் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். "குழாய் என்னை விடமாட்டேங்குதுப்பா" என்றாள். அன்றைக்குத்தான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதான்.

அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் அதை விளையாட்டாக்கிக்கொண்டார்கள். இருவரும் கை குலுக்குவார்கள். யாருடைய கட்டைவிரல் முதலில் எழுகிறதோ அவருக்கு ஜெயம். அடுப்படியிலிருந்து அவன் மனைவி ஸலூவா, "என்ன மனுஷா இது, நோயை வச்சு ஒரு விளையாட்டா?" என்று திட்டுவாள். திட்டி முடித்துவிட்டு, யார் ஜெயித்தது என்று அவளே கேட்பாள்.

நகர மருத்துவமனையில் நரம்பு மருத்துவர் ராழியா அவனை உட்காரவைத்து, ஐயா என்பதற்கு அந்த ஊரில் சொல்கிற "ஸீ"யைப் பெயருக்கு முன்னால் போட்டுச் சொன்னாள். "ஸீ முன்ஜி, நம்ம உடம்புக்குள்ள ஆர்.என்.ஏ.ன்னு ஒரு இழை ஓடுது. சில இழை, இந்தப் புரதத்தைச் செய், அந்தப் புரதத்தைச் செய்னு செல்லுக்குச் சொல்லும். சில இழை அப்படி எதையும் செய்யச் சொல்லாது. உங்க நோய் இந்த ரெண்டாவது வகையில இருக்கு. அது தேவையில்லாம நீண்டு வளந்து, பக்கத்துல வேலை பாக்க வந்த புரதத்தைக் கட்டிப் பிடிச்சு உக்காரவச்சிருக்கு. புரதம் வேலைக்குப் போகல. அதான் தசைக்கு விடத் தெரியல."

முன்ஜி கொஞ்சம் யோசித்தான். "தானும் செய்யாது, செய்யறவனையும் விடாது. அப்படித்தானே டாக்டரம்மா?"

"அப்படித்தான்."

"எங்க வட்ட அலுவலகத்துல அப்படி ரெண்டு பேர் இருக்காங்க."

ராழியா சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். அந்தப் பிடியைத் தளர்த்துகிற மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்க வெளிநாட்டு மருத்துவர்கள் இந்த மருத்துவமனைக்கே வருகிறார்கள். பிள்ளைகளுக்குத்தான் கொடுக்கப் போகிறார்கள். குணமாகும் என்று உறுதி இல்லை, ஆனால் அதைத் தவிர வேறெதுவும் கிடையாது. குழந்தையை வெட்ட வேண்டாம், தகப்பனின் தொடைச் சதையில் அந்த இழை இருக்கிறது என்று தெரிந்தால் மகளைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் இருக்கிறது என்று சொல்லும் உரிமை நாட்டிலேயே ஓர் இடத்துக்குத்தான் உண்டு. தெனியூர் சாலையில் இருக்கிற மூலக்கூறு நிலையத்துக்கு.

அந்தக் கட்டடத்தை முன்ஜி வெளியிலிருந்து பார்த்திருக்கிறான். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வாசலில் முறுக்கிக்கொண்டு நிற்கிற ஓர் இழையின் பளிங்குச் சிலை. அதைப் புரதம் ஒன்று தழுவிக்கொண்டிருப்பதாகத்தான் முதலில் திட்டம். புரதத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவாகாததால் இழை மட்டும் காற்றைத் தழுவிக்கொண்டு நின்றது.

தொடையில் வெட்டியெடுத்த சதைத்துண்டை ஒரு சின்னக் குழாயில் போட்டு, பனிப் பெட்டியில் வைத்து, நொண்டிக்கொண்டே முன்ஜி போய்ச் சேர்ந்தான். உள்ளே ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். நாற்காலி போட்டிருந்தார்கள். யாருக்குக் கல்யாணம் என்று பார்த்தால் அவனுடைய தொடைக்குத்தான் விழா. நிலையத்துக்குச் சோதனை மாதிரி ஒன்று வந்தால் அதை வரவேற்காமல் உள்ளே விடுவதில்லை என்பது அங்கே வழக்கமாம்.

இயக்குநர் ஸீ ஷாத்லி மேடை ஏறினார். நல்ல உயரம், நல்ல குரல், மோதிரம் போட்ட பெரிய கை. குழாயைத் திறந்து, சதையை வெறும் விரலால் எடுத்துப் படக்காரருக்குக் காட்டினார்.

"பெரியோர்களே! இந்த நிலையம் தொடங்கின நாள்லேர்ந்து இங்கேருந்து ஒரு முடிவுகூடத் தப்பா வெளிய போனதில்ல. ஏன்? ஒரு முடிவுமே வெளிய போனதில்ல! அவசரப்பட்டு உண்மையைச் சொல்லிட்ட எத்தனையோ நிலையங்களோட கதி நமக்குத் தெரியும்!"

கைதட்டல். பேச்சு மதியத் தொழுகைவரை போனது. அதுவரை சதை அவர் விரலிடுக்கில் இருந்தது. முன்ஜியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆய்வுக்கூடப் பெண், "விரல் பட்டாலே ஆர்.என்.ஏ. அழிஞ்சுபோயிடும். நம்ம வேர்வையிலேயே அதைத் தின்னுற பொருள் இருக்கு" என்று முணுமுணுத்துவிட்டு, அவளும் கை தட்டினாள்.

கொஞ்ச நாள் கழித்து அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். "உங்க மாதிரி ஒத்துழைக்கல."

"மன்னிச்சுக்கங்க. அதுக்கு என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல" என்றான் முன்ஜி. மறுபடி மருத்துவமனைக்குப் போய் இன்னொரு தொடையைக் காட்டினான்.

இரண்டாவது துண்டுக்கு விழா கிடையாது. பழைய விருந்தாளிக்கு மறு வரவேற்பு இல்லையாம். நேரே ஆர்.என்.ஏ. பிரிவுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பிரிவுத் தலைவர் ஸீ ஹபீப் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குழாயைப் பார்த்தார்.

"இதுல புரதம் ஒட்டியிருக்கு. எங்களுக்கு ஆர்.என்.ஏ. மட்டும்தான் வேணும். எதிர்ப் பிரிவுக்குக் கொண்டு போங்க."

எதிர்ப் பிரிவுத் தலைவி மதாம் நஜூவா. பாதாம் பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தாள். "ஐயே! ஆர்.என்.ஏ. பிடிச்ச புரதத்தை யாரு கொண்டுவரச் சொன்னது? அதைக் கழட்டிட்டு வாங்க."

"மதாம், அதைக் கழட்ட முடியாததுதான் நோயே."

"அது உங்க வீட்டு விஷயம். பிரிச்சுக் கொண்டு வந்தா பாக்குறோம்."

இரண்டு பிரிவுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. பூட்டியே கிடக்கும். அதைத் திறக்க வேண்டுமானால் இரு பிரிவும் சேர்ந்த குழு கூட வேண்டும். குழு எந்தப் பிரிவில் கூடுவது என்பது தீராததால் அது இன்னும் கூடவே இல்லை. முன்ஜி இந்தப் பக்கம் ஒரு நடை, அந்தப் பக்கம் ஒரு நடை. பனிப் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. கடைசியில் அவன் நொண்டுவதைப் பார்க்கச் சகிக்காத காவலாளி, "ரெண்டு பேரும் நடைபாதையிலேயே உக்காந்து பேசுங்களேன், தரை யாருக்கும் சொந்தமில்லையே" என்றான்.

அப்படித்தான் குழு முதல் தடவையாகக் கூடியது. தேநீர் வந்தது. குழாயைத் தட்டில் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

"ஆர்.என்.ஏ.தான் புரதத்தைப் பிடிச்சிருக்கு" என்றார் ஸீ ஹபீப். "அதனால ஆய்வு என் பேர்ல போகணும்."

"பிடிபட்டது எங்க ஆளு! பிடிபட்டவன்தானே புகார் கொடுப்பான்? பேர் எங்களுக்குத்தான்."

"உங்க ஆளுக்கு ஓடத் தெரியலன்னா நாங்க என்ன பண்றது?"

"ஒரு வேலையும் பாக்காததுக்கு வாய் மட்டும் எவ்ளோ நீளம் பாருங்க!"

முன்ஜி குறுக்கே புகுந்தான். "ஸீ ஹபீப், மதாம், சண்டையெல்லாம் வேணாம். ஆர்.என்.ஏ.வும் புரதமும் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டதுதானே நோயே. எம் பொண்ணு இருக்கா..."

"தம்பி, இது விஞ்ஞானம். நடுவுல பேசக் கூடாது" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அந்த நிலையத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

மாலையில் தேநீர்த் தட்டை எடுக்க வந்தவர் குழாயையும் சேர்த்துக் கழுவிவைத்தார்.

மூன்றாவது துண்டை ராழியாவே நேரில் கொண்டுவந்து, யாரையும் தொடவிடாமல், கடுங்குளிர்ப் பெட்டியில் தன் கையாலேயே வைத்து, அடுக்கு எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் ஹஜ்ஜுப் பெருநாள். ஊர் முழுக்கக் குர்பானி. வெயில் காலம், மின்சாரம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். நகரத்திலேயே மின்சாரம் நிற்காத பெட்டி நிலையத்தின் பெட்டிதான். இயக்குநரின் ஆட்டுத் தொடை, துணை இயக்குநரின் ஆட்டு விலா, காவலாளியின் பங்கு எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. பெரிய தொடைக்கு இடம் பண்ணச் சின்னக் குழாய் ஒன்றை எடுத்து ஜன்னலோரம் வைத்தார்கள்.

பெருநாள் முடிந்து சோதனை நடந்தது. அடுக்கு எண் சரியாகப் பார்க்கப்பட்டது. அந்த அடுக்கில் என்ன இருந்ததோ அதிலிருந்து ஒரு துண்டு வெட்டப்பட்டது. நிலையத்தில் எல்லாமே எண்ணின்படிதான்.

இப்படியாக நிலையம் தன் வரலாற்றில் முதல் முடிவைச் சொன்னது. தசை மிக நல்ல ஆரோக்கியம். கொழுப்பு தேவையான அளவு. நோய் தரும் ஆர்.என்.ஏ. அறவே இல்லை. இனம் செம்மறி.

முன்ஜி ஓடினான். ஓடக்கூடிய அளவுக்குத் தொடை மிச்சம் இருந்ததே பெரிது. "ஸீ ஷாத்லி, நான் ஆடு இல்லீங்க!"

இயக்குநர் அன்போடு அவனை உட்காரச் சொன்னார். "நிலையம் உங்களை ஆடுன்னு சொல்லவே இல்லையே தம்பி. உங்க மாதிரி ஆடுன்னு சொல்லுது. அது உங்க மாதிரிதான்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

"நாந்தான். ஆனா..."

"பாத்தீங்களா!"

"அப்ப எம் பொண்ணு? வாரக் கடைசியில பேர் சேக்கிறதை நிறுத்திடறாங்களாம்."

"தகப்பன் இவ்ளோ ஆரோக்கியமா இருக்கும்போது பொண்ணுக்கு எப்படி நோய் வரும்? சந்தோஷமாப் போங்க."

"இன்னொரு தடவை பாருங்க. இன்னும் கொஞ்சம் சதை தர்றேன்."

"நேத்து வானொலியிலேயே அறிவிச்சாச்சே!" இயக்குநர் எழுந்து நின்றார். உட்கார்ந்து பேசி அவருக்குப் பழக்கமில்லை. "நல்லாக் கேட்டுக்கங்க. இந்த நிலையத்துல காகிதம் அப்புறம். பொதுவுல, பத்துப் பேர் முன்னால என் வாயிலேர்ந்து வர்ற வார்த்தைதான் முடிவு. வெளிநாட்டுக்காரங்களும் அதை ஒத்துக்கிட்டுத்தான் வந்திருக்காங்க. நானே நெனச்சாலும் மாத்த முடியாது. இன்னொரு தடவை பொதுவுல வாயைத் திறந்தாத்தான் உண்டு." பிறகு அவனை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "ஆமா, உங்க முதல் மாதிரி ரொம்ப மோசமா இருந்துச்சு இல்ல? இப்ப ஆரோக்கியம். அப்படின்னா என்ன அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

"குணமாயிட்டீங்க! சோதனை பண்ணியே குணப்படுத்தியிருக்கோம்! வெள்ளிக்கிழமை தலைநகர்லேர்ந்து அமைச்சர் வர்றார். குணமான ஒரு ஆள் கிடைக்காம நான் பட்ட பாடு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நீங்க மேடைக்கு வர்றீங்க. எனக்குக் கை குடுக்கறீங்க. பொண்ணுக்கு முன் வரிசையில இடம்."

வீட்டுக்கு வந்து சொன்னான். ஸலூவா கொதித்துப் போனாள். "ஆடுன்னு சொன்னவன் மேடைக்கா? உனக்கு வெக்கமே இல்லையா?"

அன்று பார்க்க வந்திருந்த ராழியா மட்டும் கொதிக்கவில்லை. "போங்க ஸீ முன்ஜி" என்றாள். "நானும் வர்றேன். வெளிநாட்டு மருத்துவரையும் கூட்டிட்டு வர்றேன். மண்டபம் குளிரா இருக்குமா?"

"அமைச்சர் வர்றாரே. மீன் கெடாத அளவுக்குக் குளிரா வைப்பாங்க" என்றான் முன்ஜி. சொன்ன பிறகுதான் அவள் எதற்குக் கேட்டாள் என்பது அவனுக்கு மெல்லப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் பல் கிட்டித்தது. ரீம் முன் வரிசையில் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொலைக்காட்சிக்காரர்கள் நேரலை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஸீ ஷாத்லி முழங்கினார்.

"அமைச்சர் அவர்களே! ஒண்ணும் உற்பத்தி பண்ணாத ஆர்.என்.ஏ.வை உலகம் குப்பைன்னு ஒதுக்கி வச்சுது. குப்பையா அது? தானும் ஒண்ணும் செய்யாம, செய்ய வர்றவனையும் பிடிச்சு உக்காரவச்சு, ஒரு முழு உடம்பையே தன் பிடியில வச்சிருக்கே! அதோட சக்தியை என்னன்னு சொல்றது? பெருமையாச் சொல்றேன், இந்த நிலையமும் இந்த நாட்டுக்கு அப்படித்தான்!"

அமைச்சர் உட்பட எல்லாரும் கை தட்டினார்கள்.

"இதோ, குணமான முன்ஜி!"

முன்ஜி மேடை ஏறினான். மோதிரம் போட்ட அந்தப் பெரிய கை நீண்டது. முன்ஜி பிடித்தான். பலமாகவே பிடித்தான்.

"லாபேஸ் ஸீ முன்ஜி?"

"லாபேஸ். வீட்ல லாபேஸ் ஸீ ஷாத்லி?"

பிள்ளைகள் வந்தார்கள், பேரன்கள் வந்தார்கள், மாமனார் வந்தார். அல்லாஹ்வுக்குப் புகழ் சொல்லியாயிற்று. இயக்குநர் கையை இழுத்தார். கை வரவில்லை. படக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி மறுபடி இழுத்தார்.

"குர்பானி ஆடு லாபேஸ்?" என்றான் முன்ஜி.

மண்டபத்தில் சிரிப்பு. இயக்குநர் பல்லுக்கிடையில், "விடுய்யா" என்றார்.

முன்ஜியின் சட்டையில் ஒலிவாங்கி குத்தியிருந்தது. "நான் எப்பவோ விட்டுட்டேன் ஸீ ஷாத்லி. கைதான் விடல. குணமானவன் கை இப்படித்தான் இருக்கும்போல."

நிலையத்துக்குக் கொடுக்கவிருந்த கேடயத்தை நீட்டிக்கொண்டு நின்ற அமைச்சருக்குக் கை வலித்தது. "என்ன ஷாத்லி இது?"

"பாசம் ஐயா. இந்த ஊர்ப் பாசம்."

"பாசத்தைச் சீக்கிரம் முடிங்க, எனக்கு இன்னொரு திறப்பு விழா இருக்கு."

ஸீ ஹபீப் ஓடிவந்து இயக்குநரின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். மதாம் நஜூவா ஓடிவந்து முன்ஜியின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "புரதப் பிரிவு எதுக்கு மேடைக்கு வருது?" என்று அவர் கத்த, "கை புரதம்! கை எங்களுது!" என்று இவள் கத்த, நால்வரும் ஒரே முடிச்சாக மேடையில் சுழன்றார்கள். ராழியாவின் பக்கத்தில் இருந்த வெளிநாட்டு மருத்துவர், நோயை இவ்வளவு தெளிவாக விளக்கிக் காட்டியதைத் தான் எங்கும் பார்த்ததில்லை என்று மரியாதையோடு சொன்னார்.

"நேராச் சொல்லுங்க!" என்று அமைச்சர் இரைந்தார். "இந்த மனுஷனுக்கு நோய் இருக்கா, இல்லையா?"

ஸீ ஷாத்லிக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. மோதிரம் விரலுக்குள் புதைந்து கொண்டிருந்தது. "இருக்கு! இருக்கு! அதே ஆர்.என்.ஏ.தான்! பிடிச்சா விடாத நோய்! முத்திப் போயிருக்கு! யாராவது கழட்டுங்களேன்!"

ராழியா எழுந்து நின்றாள். "ஸீ ஷாத்லி, பொதுவுல சொல்றீங்க. இதுதான் நிலையத்தோட முடிவா?"

"முடிவு! முடிவு! கடைசி முடிவு!"

வெளிநாட்டு மருத்துவர் ஒத்துக்கொண்டு தலையசைத்தார். மண்டபம் முழுக்கச் சத்தம்.

ரீம் மட்டும் சத்தத்தைக் கேட்கவில்லை. அவள் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டைவிரல் எப்போதோ எழுந்துவிட்டிருந்தது. அமைச்சர் பாசத்தை முடிக்கச் சொன்னபோதே எழுந்தது. எழுந்து, சுற்றுமுற்றும் பார்ப்பதுபோல் ஒரு கணம் நின்று, பிறகு மெல்ல இறங்கி மறுபடி இயக்குநரின் கைமேல் படுத்துக்கொண்டது.

முடிவு சொல்லப்பட்டதும் முன்ஜி, "ஹம்துலில்லாஹ்" என்று அல்லாஹ்வைப் புகழ்ந்தான். விரல்கள் ஐந்தும் ஒன்றாகத் திறந்தன. முடிச்சு முழுவதும் மல்லாந்து விழுந்தது.

நிலையத்து வாசலில் இன்றும் அந்தக் கைகுலுக்கல் படம் மாட்டியிருக்கிறது. கீழே, "மக்களின் பிடியில் நிலையம்" என்று எழுதியிருக்கிறார்கள்.

பேருந்தில் திரும்பி வரும்போது ரீம் அவன் விலாவில் இடித்தாள். "ஏமாத்திட்டேப்பா. கட்டைவிரல் எழுந்தப்புறம் பிடிக்கக் கூடாது. அதுதானே ஆட்டம்?"

முன்ஜி ஜன்னலுக்கு வெளியே ஒலிவ மரங்களைப் பார்த்தான். மருந்து பலிக்குமோ பலிக்காதோ, மகளை அதன் வாசல்வரை கொண்டுவந்து விட்டாயிற்று.

"நோய் அப்பவே விட்டிருச்சு கண்ணு" என்றான். "நாந்தான் விடல."